நின்றால் தலைசுற்றும் பிள்ளைகள்: தன்னியக்க நரம்புக் கோளாறும் மூளை ரசாயனமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருஷம் மலேசிய அரசாங்கக் கிளினிக்கில் மிஸியாக, அதாவது தாதியாக, வேலை செய்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் சுங்கை சிப்புட்டிலும் லிந்தாங் பக்கத்துத் தோட்டங்களிலும் அம்மாமார்கள் என்னைப் பார்த்தால் கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான். பிள்ளையால் சபைகூடலில் நிற்க முடியவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்கிறாள், படித்தது மண்டையில் நிற்கவில்லை என்கிறாள், ஆனால் சோதித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறதாம். அப்படிக் கேட்டவர்களின் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். இந்தப் பிள்ளைகள் நடிக்கவில்லை, சோம்பேறிகளும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

தன்னியக்க நரம்பு மண்டலம் என்றால் என்ன?

நாம் நினைக்காமலே உடம்பை நடத்தும் நரம்புகள். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை, செரிமானம், கண்மணி சுருங்குவது, சிறுநீர்ப்பை எல்லாம் இதன் பொறுப்பு. இதில் இரண்டு பிரிவு. பரிவு நரம்புகள் உடம்பை முடுக்கிவிடும், துணைப்பரிவு நரம்புகள் தணிக்கும். முதல் பிரிவு பெரும்பாலும் நோர்அட்ரினலின் என்ற ரசாயனத்தாலும், இரண்டாவது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தாலும் வேலை செய்கின்றன. இந்த இரண்டும் மூளைக்குள்ளேயும் இருக்கின்றன. உடம்பில் ஆரம்பித்த கோளாறு படிப்பு, தூக்கம், மனநிலை வரை போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

படுத்திருந்தால் நன்றாக இருக்கிறாள், எழுந்து நின்றால்தான் கஷ்டம். ஏன்?

எழுந்து நின்றதும் ஏறக்குறைய 500 முதல் 800 மில்லிலிட்டர் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. எல்லாருக்கும் இப்படித்தான். கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உண்டு. அழுத்தம் குறைவதை அவை மூளைத் தண்டுக்குத் தெரிவிக்கும். மூளைத் தண்டு பரிவு நரம்புகளைத் தூண்டும். அந்த நரம்புகளின் நுனியிலிருந்து நோர்அட்ரினலின் வெளியாகி ரத்தக் குழாய்களை இறுக்கும், இதயத்தைக் கொஞ்சம் விரைவுபடுத்தும். சில நொடிகளில் எல்லாம் சமநிலைக்கு வந்துவிடும்.

சில பிள்ளைகளுக்கு இது சரியாக நடப்பதில்லை. உடம்பில் ரத்தத்தின் அளவே குறைவாக இருக்கலாம். காலில் உள்ள நரம்புகள் குழாய்களைப் போதுமான அளவு இறுக்காமல் விடலாம். அல்லது பரிவு நரம்புகள் தேவைக்கு மேல் கொதித்துப்போய் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் இதயம் ஓடோடி ஈடுகட்டப் பார்க்கும். அதுதான் அந்தப் படபடப்பு. நம் ஊர் வெயில் இதை இன்னும் மோசமாக்கும், ஏனென்றால் சூட்டில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்துகொள்ளும். தகரக் கூரை வீட்டில் மதியம் மூன்று மணிக்கு இந்தப் பிள்ளைகள் துவண்டு கிடப்பதற்கு இதுதான் காரணம்.

'பாட்ஸ்' என்று டாக்டர் சொன்னார். அது என்ன?

ஆங்கிலத்தில் POTS (Postural Orthostatic Tachycardia Syndrome) என்பதன் சுருக்கம். நின்ற 10 நிமிடத்துக்குள் ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல், இதயத் துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 30-க்கு மேல் கூடுவது. 12 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு 40. வளரும் பிள்ளைகளுக்கு இயல்பாகவே துடிப்பு அதிகம் ஏறும் என்பதால் இந்த வேறுபாடு. கூடவே தலைசுற்றல், படபடப்பு, களைப்பு போன்ற தொந்தரவுகள் குறைந்தது 3 மாதமாவது இருந்திருக்க வேண்டும். இந்தப் பெயரும் வரையறையும் 1993-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வந்தவை. பெண் பிள்ளைகளுக்கே அதிகம். வயசுக்கு வரும் பருவத்தை ஒட்டியோ, ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகோ தொடங்குவதும் உண்டு. கோவிட்டுக்குப் பிறகு இப்படி ஆனவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

சாதாரண மயக்கம் வேறு. வெயிலில் நின்றோ ஊசியைப் பார்த்தோ ஒரு தடவை விழுந்து, உடனே தெளிந்து, மற்ற நாள் முழுக்க நன்றாக இருக்கும் பிள்ளைக்கு பாட்ஸ் என்று பெயர் ஒட்ட வேண்டியதில்லை.

இதில் மூளை ரசாயனம் எங்கே வருகிறது?

மூளைத் தண்டில் லோகஸ் செருலியஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. மிகச் சிறியது. சில பத்தாயிரம் நரம்பணுக்கள்தான். ஆனால் மூளையின் பெரும்பகுதிக்கும் நோர்அட்ரினலின் அங்கிருந்துதான் போகிறது. விழித்திருப்பது, கவனம் செலுத்துவது, திடீர்ச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பது எல்லாம் அதன் வேலை. உடம்பிலிருந்து அழுத்தம் பற்றிய செய்தி வந்து சேரும் மூளைத் தண்டுப் பகுதிகளோடும் அதற்குத் தொடர்பு உண்டு. ரத்தத்தில் ஓடும் நோர்அட்ரினலின் மூளைக்குள் நேராக நுழைய முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும். இருந்தாலும் இரண்டு இடத்திலும் செய்முறை ஒன்றுதான். உணவில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம் டோபமின் ஆகி, டோபமின் நோர்அட்ரினலின் ஆகிறது. வெளியேறியதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் புரதமும் ஒன்றுதான்.

அந்தப் புரதம் கெட்டால் என்ன ஆகும் என்று 2000-ஆம் ஆண்டில் தெரிய வந்தது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள், நின்றால் இதயம் விரைந்து துடிக்கும் ஒரு பெண்ணையும் அவருடைய இரட்டைச் சகோதரியையும் ஆராய்ந்தார்கள். நோர்அட்ரினலினைத் திரும்ப இழுக்கும் புரதத்துக்கான மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தது. புரதம் கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லை. வெளிவந்த ரசாயனம் நரம்பு நுனியிலேயே தங்கி இதயத்தை விரட்டிக்கொண்டிருந்தது. இந்த மரபணு மாற்றம் மிக அரிது, உங்கள் பிள்ளைக்கு இது இருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் நான் இதை எல்லாரிடமும் சொல்வேன். 'எல்லாம் மனசு பண்ற வேலை' என்று ஒதுக்கப்பட்ட தொந்தரவுக்கு உடம்பில் ஒரு புரதம் வரை காரணம் காட்ட முடிந்தது அல்லவா?

ஒரு சாராருக்கு ரத்தத்திலேயே நோர்அட்ரினலின் கூடுதலாக இருக்கும். நின்ற நிலையில் அளக்கும்போது ஒரு மில்லிலிட்டரில் 600 பிக்கோகிராமைத் தாண்டும். கை நடுக்கம், வியர்வை, சில்லிட்ட விரல், திடீர்ப் பதற்றம் எல்லாம் இவர்களுக்கு அதிகம்.

முன்பு வகுப்பில் முதல் ஆளாக இருந்தவன். இப்போது ஒரு பக்கம் படித்தால் என்ன படித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. சோம்பலா?

சோம்பல் இல்லை. மூன்று விஷயங்கள் சேர்ந்து நடக்கின்றன.

முதலாவது, நிமிர்ந்து இருக்கும்போது மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. இரண்டாவது, இவர்களில் சிலர் தங்களுக்கே தெரியாமல் வேகமாக மூச்சு விடுகிறார்கள். அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அது குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். ரத்த அழுத்தமானி சரியான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைக்குக் கண் இருட்டுவது இப்படித்தான்.

மூன்றாவது, நோர்அட்ரினலினின் அளவு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் யோசிக்கவும், ஒரு கணக்கின் நடுவில் முந்தைய வரியை நினைவில் வைத்திருக்கவும் உதவுவது. அதற்கு இந்த ரசாயனம் அளவாக வேண்டும். குறைந்தால் தூக்கக் கலக்கம், அதிகமானால் எண்ணங்கள் சிதறிப் போகும். உடம்பு நாள் முழுக்க ஆபத்தில் இருப்பதைப் போல முடுக்கப்பட்டிருந்தால், அந்தப் பகுதி பின்வாங்கிவிடும்.

அதனால் படுத்துக்கொண்டு படிப்பதைத் திட்டாதீர்கள். தலையணையில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து படித்தால் மூளைக்கு ரத்தம் நன்றாகப் போகும். நம் வீடுகளில் 'நிமிர்ந்து உட்கார்ந்து படி' என்பது பெரிய ஒழுக்கம். இந்தப் பிள்ளைக்கு அது பொருந்தாது. கடினமான பாடத்தை அவனுக்கு உடம்பு நன்றாக இருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளட்டும். பெரும்பாலானவர்களுக்குக் காலை நேரம்தான் மிக மோசம்.

இது மனப்பதற்ற நோய்தானே? ஒரு கிளினிக்கில் அப்படித்தான் சொன்னார்கள்.

இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. பதற்ற நோயை அளக்கும் கேள்வித்தாள்களில் 'நெஞ்சு படபடக்கிறதா, கை நடுங்குகிறதா, மயக்கம் வருகிறதா' என்றெல்லாம் இருக்கும். பாட்ஸ் உள்ள பிள்ளை எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் எழுதும். உடல் அறிகுறிகளை ஒதுக்கிவிட்டு மனநிலையை மட்டும் அளந்த ஆய்வில், இவர்களுக்கு மற்றவர்களைவிடப் பதற்ற நோய் அதிகமாகத் தெரியவில்லை. கவனக்குறைவுதான் அதிகமாகத் தெரிந்தது.

வித்தியாசம் காண எளிய கேள்வி ஒன்று உண்டு. படுத்தால் குறைகிறதா? பயத்தால் வரும் படபடப்பு படுத்தாலும் தொடரலாம். நிற்பதால் வருவது படுத்த சில நிமிடத்தில் தணியும்.

மாதக்கணக்கில் இப்படி அவதிப்படும் பிள்ளைக்கு மனச்சோர்வும் பயமும் தனியாகவும் வரலாம். வந்தால் அதற்கும் வைத்தியம் வேண்டும். மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்கக் கூடாது.

கண்ணேறு, காற்றுக் கருப்பு என்று பாட்டி சொல்கிறார். பள்ளியில் ஹிஸ்தீரியா என்றார்கள்.

பாட்டி சுற்றிப் போடட்டும், கோயிலில் திருநீறு பூசட்டும். அதில் பிள்ளைக்கு ஆறுதல் இருக்கிறது. நான் தடுக்க மாட்டேன். பிரச்சினை எப்போது என்றால், அதோடு நிறுத்திவிட்டு கிளினிக்குக்குப் போகாமல் இருக்கும்போதுதான். இன்னொன்று: 'இவள்மேல் ஏதோ இருக்கிறது' என்ற பேச்சு தாமான் முழுக்கப் பரவினால், அந்தப் பெண் பிள்ளை பள்ளிக்குப் போகவே மறுப்பாள். அந்தப் பேச்சை வீட்டுப் பெரியவர்கள்தான் அடக்க வேண்டும்.

செரோடோனின் என்ற மூளை ரசாயனம் குறைவு என்று ஒருவர் மூளை டானிக் விற்றார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். உடம்பின் செரோடோனினில் 90 விழுக்காட்டுக்கும் மேல் குடலில் இருக்கிறது. அது மூளைக்குள் போகாது. அதனால் ரத்தத்தில் அளந்து மூளையில் எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பணத்துக்கு முட்டையும் மீனும் வாங்கிக் கொடுங்கள்.

அப்படியானால் சாப்பாட்டுக்கும் மூளை ரசாயனத்துக்கும் சம்பந்தமே இல்லையா?

இருக்கிறது, அதுவும் நம் பிள்ளைகளுக்கு மிக முக்கியமான ஒன்று. இரும்புச்சத்து. டைரோசினை டோபமின், நோர்அட்ரினலின் பாதையில் அனுப்பும் முதல் நொதி இரும்பு இல்லாமல் வேலை செய்யாது. செரோடோனினைச் செய்யத் தொடங்கும் நொதிக்கும் அப்படித்தான். இரும்பு குறைந்தால் ரத்தம் மட்டும் இல்லை, மூளை ரசாயனமும் அடிபடும். தலைசுற்றலோடு வரும் பதின்வயதுப் பெண்களிடம் இரும்புச் சேமிப்பு குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்றதும் பலர் திருப்தியாகிவிடுகிறார்கள். சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற பரிசோதனையையும் கேளுங்கள். மாதவிடாய் அதிகம் போகும் பெண் பிள்ளை என்றால் கட்டாயம் கேளுங்கள். ஆனால் நீங்களாகவே இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு உள்ளவர்களுக்கு இரும்பு சேர்ந்து தீங்காகலாம். பள்ளியில் படிவம் 4 மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை செய்கிறார்கள். முடிவு வந்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம் அந்தத் தே ஓ, பால் சேர்க்காத தேநீர். பசியாறும்போது ரொட்டியோடும் சோற்றோடும் தேநீர் குடிப்பது நமக்குத் தோட்டத்திலிருந்து வந்த பழக்கம். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், உணவிலுள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். ஈரல், நெத்திலி, பருப்பு, கீரை எதுவானாலும் கூட எலுமிச்சையோ கொய்யாவோ இருந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும்.

என்ன பரிசோதனை செய்வார்கள்? ஈப்போவுக்குப் போக வேண்டுமா?

முதல் பரிசோதனைக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. பிள்ளையைப் படுக்க வைத்து, துடிப்பையும் அழுத்தத்தையும் அளந்து, பிறகு நிற்க வைத்து 10 நிமிடம் வரை மறுபடி மறுபடி அளப்பது. சுவரில் முதுகைச் சாய்த்து நிற்க வைத்தும் செய்யலாம். அரசாங்கக் கிளினிக்கிலேயே முடியும். குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட்தான். கூட்டம் அதிகமான இடத்தில் 10 நிமிடம் நிற்க வைத்து அளக்க நேரம் இல்லாமல் போகலாம். அதனால் 'நின்ற நிலையில் அளந்து பாருங்கள்' என்று நீங்கள் வாய் திறந்து கேளுங்கள். தயங்க வேண்டாம். வீட்டில் அழுத்தமானி இருந்தால் சில நாள் காலையில் படுத்த நிலை, நின்ற நிலை என்று எழுதிக் கொண்டுபோனால் டாக்டருக்குப் பெரிய உதவி. நிற்கும்போது பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும்.

கூடவே ஈசிஜி, ரத்த எண்ணிக்கை, தைராய்டு, சர்க்கரை பார்ப்பார்கள். இதயத்தில் சந்தேகம் இருந்தாலோ சாய்மேசைப் பரிசோதனை (படுக்க வைத்த மேசையை நிமிர்த்தித் துடிப்பையும் அழுத்தத்தையும் அளப்பது) தேவைப்பட்டாலோ ஈப்போ போன்ற பெரிய ஊருக்குக் கடிதம் தருவார்கள்.

உப்பும் தண்ணீரும் அதிகம் கொடுக்கச் சொன்னார்கள். நம் வீட்டில் எல்லாருக்கும் ரத்தக் கொதிப்பு. பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. எல்லாருக்கும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள். பாட்ஸ் உள்ளவர்களுக்கு மட்டும் 10 கிராம் வரைகூடச் சொல்வதுண்டு. தண்ணீர் 2 முதல் 3 லிட்டர். பிள்ளையின் வயசு, சிறுநீரகம், அழுத்தம் பார்த்து அளவைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

2021-இல் வெளியான ஓர் ஆய்வில், உப்பு மிகுந்த உணவு சில நாள் சாப்பிட்ட பாட்ஸ் நோயாளிகளுக்கு ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடியது, நிற்கும்போது துடிப்பு ஏறுவது குறைந்தது, நோர்அட்ரினலினும் இறங்கியது. ரத்தம் நிரம்பினால் நரம்புகள் கத்த வேண்டியதில்லை. இந்த நோயில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த செய்தி இது. விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லாமல், அடுப்படியில் இருப்பதை வைத்தே அந்த ரசாயனத்தைத் தணிக்க முடிகிறது.

குழம்புச் சட்டியில் உப்பைக் கூட்டாதீர்கள். தாத்தாவும் அதைத்தான் சாப்பிடுவார். பிள்ளையின் தட்டில் தனியாகச் சேருங்கள். ஊறுகாய், உப்பு போட்ட மோர், சோறு வடித்த கஞ்சியில் உப்பு என்று கொடுங்கள். காலையில் எழுவதற்கு முன்பே படுக்கையில் உட்கார்ந்து இரண்டு கிளாஸ் தண்ணீர் குடிக்கட்டும். 100 பிளஸ் பானம் நம் ஊரில் எல்லாத்துக்கும் மருந்து. ஆனால் அதில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. தினமும் அதையே நம்பி இருக்க வேண்டாம். கிளினிக்கில் தரும் ஓஆர்எஸ் (தண்ணீரில் கலக்கும் உப்புச் சர்க்கரைப் பொடி) பொட்டலம் மேல். பொட்டலத்தில் எழுதிய அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும்.

மாத்திரை உண்டா?

உண்டு. துடிப்பைக் குறைக்கக் குறைந்த அளவில் புரோபிரனலால் தருவார்கள். அது நோர்அட்ரினலின் இதயத்தில் பிடித்துக்கொள்ளும் இடத்தை மறைக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அது ஆகாது, மறக்காமல் சொல்லுங்கள். ஐவாபிரடின், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன், மிடோட்ரின் போன்றவையும் இருக்கின்றன. எது பொருந்தும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும்.

கவனக்குறைவுக்கோ மனச்சோர்வுக்கோ மருந்து எழுதும்போது பாட்ஸ் இருப்பதையும் தெரிவியுங்கள். நோர்அட்ரினலின் திரும்ப இழுக்கப்படுவதைத் தடுக்கும் மருந்துகள், உதாரணமாக அட்டோமாக்செட்டின், இந்தப் பிள்ளைகளுக்குத் துடிப்பை இன்னும் ஏற்றக்கூடும். மேலே சொன்ன இரட்டைச் சகோதரிகளுக்கு மரபணு செய்ததை இங்கே மருந்து செய்கிறது. சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

விளையாட்டை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். படுக்கையிலேயே கிடந்தால் ரத்த அளவும் இதயத் தசையும் இன்னும் குறையும். படுத்த நிலையிலிருந்து தொடங்குங்கள். படுத்தபடி கால் தூக்கும் பயிற்சி, சாய்ந்து மிதிக்கும் சைக்கிள், நீச்சல், பிறகு மெல்ல நடை. மாதங்கள் ஆகும். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் வலு வந்தால் அவையே ரத்தத்தை மேலே தள்ளும்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறோம். எடுக்கலாமா?

இந்த ஆண்டு எடுக்க வேண்டுமா என்று டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். நாளுக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிடுவதும் தண்ணீர் குறைந்த விரதமும் ஆபத்து. விரதம் இருந்தாலும் தண்ணீரும் மோரும் நிற்கக் கூடாது. ஈப்போ குனோங் செரோவில் வெயில் ஏறிய பிறகு வரிசையில் அசையாமல் நிற்பதுதான் நடப்பதைவிடக் கஷ்டம். விடியலில் எடுத்து முடிக்கலாம், பக்கத்தில் ஒருவர் கூடவே வரலாம். நிற்கும் நேரத்தில் கால்களைப் பின்னி இறுக்கினால் அழுத்தம் கொஞ்சம் ஏறும். முடியவில்லை என்றால் பெற்றவர் எடுக்கலாம். முருகன் பிள்ளையைக் கோபிக்க மாட்டார்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

ஓடும்போதோ நீந்தும்போதோ மயங்கினால். எந்த முன்னறிகுறியும் இல்லாமல் சட்டென்று விழுந்தால். நெஞ்சு வலியோடு மயங்கினால். மயங்கிய பிள்ளையின் குடும்பத்தில் இள வயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தால். இவை இதயக் கோளாறாக இருக்கலாம், பாட்ஸ் என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் விடும் நாட்களில் தலைசுற்றலும் வயிற்று வலியும் வாந்தியும் வந்தால் டெங்கியின் எச்சரிக்கை அது. அன்றைக்கே போங்கள். 'இனி வாழ வேண்டாம்' என்று பிள்ளை சொன்னாலும் அதே அவசரம்தான்.

குணமாகுமா?

பதின்வயதில் தொடங்கியவர்களை மேயோ கிளினிக் சராசரியாக 5 ஆண்டு கழித்து விசாரித்தது. பதில் அனுப்பியவர்களில் 86 விழுக்காட்டினர் முழுதாகக் குணமாகியோ, முன்னைவிட நன்றாகவோ, எப்போதாவது மட்டும் தொந்தரவோடோ இருந்தார்கள். முழுக் குணம் கண்டவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அவசரப்படாமல் பார்த்துக்கொண்டால் படிப்பை முடிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம்.

கூட்டாளிகளிடம் சொல்லணுமா, மிஸி? எனக்குக் கூச்சமாக இருக்கு.

எல்லாரிடமும் சொல்ல வேண்டாம், அம்மா. பக்கத்தில் உட்காரும் ஒருத்தியிடம் சொல். வகுப்பாசிரியரிடம் டாக்டரின் கடிதத்தைக் கொடு. சபைகூடலில் உட்காரவும், வகுப்பில் தண்ணீர் குடிக்கவும், கேட்காமல் கழிப்பறைக்குப் போகவும் அதில் அனுமதி எழுதியிருக்கட்டும். கூட்டாளிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது இவ்வளவுதான்: எனக்குக் கண் இருட்டுகிறது என்றால் தூக்கி நிற்க வைக்காதே, படுக்க விடு, காலை ஒரு நாற்காலிமேல் தூக்கி வை, சுற்றி நிற்பவர்களை விலகச் சொல், முழுசாக விழித்த பிறகே தண்ணீர் கொடு, ஒரு நிமிடத்தில் விழிக்காவிட்டால் ஆசிரியரைக் கூப்பிட்டு 999-க்குப் போன் பண்ணச் சொல்.